வலப்பக்கச் சாய்வு

அவருடைய பாதி முகத்தைத்தான் எப்சிபா வெறுத்துக்கொண்டிருந்தாள். இடது இருக்கையில் கேப்டன் வரதராஜுலு, வலது இருக்கையில் துணை விமானியாக அவள், முன்னால் வெள்ளை மேகம். எத்தனை நேரம் பக்கத்தில் உட்கார்ந்தாலும் அவளுக்குக் கிடைப்பது அவருடைய வலது பாதிதான். நரைத்த கிருதா, சவரத்தில் தப்பி நிற்கும் தாடை மயிர் நாலைந்து, எதையும் விழுங்காமலே ஏறி இறங்கும் குரல்வளை. இந்தப் பாதி போதும், வெறுப்பதற்கு இதுவே தாராளம் என்று நினைத்துக்கொண்டாள். திருவனந்தபுரத்தில் மழை. ஓடுபாதை தெரியவில்லை, மேலேயே காத்திருங்கள் என்று தரையிலிருந்து சொல்லிவிட்டார்கள். ஆகவே காலை வேளையில், காபி வாசனை இன்னும் போகாத காக்பிட்டில், அறுபது சொச்சம் பேரைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு மேகத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச தூரம் நேராக, பிறகு வலப்பக்கம் ஒரு நீண்ட திருப்பம், மறுபடி நேராக, மறுபடி வலப்பக்கம். "பஸ் ஸ்டாண்டுல இடம் கிடைக்காத பஸ் மாதிரி ஆயிட்டோம்," என்றார் அவர். அவள் சிரிக்கவில்லை. சிரிக்காததை அவர் கவனித்தாரா? கவனித்திருக்க மாட்டார். எதையும் கவனிக்காமல் இத்தனை வருஷம் ஓட்டிவிட்டார், அடுத்த மாசிக்கு ஓய்வு பெற்றுவிடுவார், மாலை போடுவார்கள், தண்ணீர்த் தாரை பீய்ச்சி விமானத்தைக் குளிப்பாட்டுவார்கள், ஒரு தவறும் செய்யாத மனிதர் என்று யாராவது மைக்கைப் பிடித்துப் பேசுவார்கள். அந்தக் கூட்டத்தில் தானும் நின்று கைதட்ட வேண்டியிருக்கும் என்று நினைத்தபோது அவளுடைய உள்ளங்கை வேர்த்தது.

கிங்ஸ்லி அண்ணன் போனபோது அவள் பத்தாம் வகுப்பு. மலையடிவாரத்தில் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளி, அங்கே அவன் மாணவன், வரதராஜுலு தலைமைப் பயிற்றுநர். அன்றைக்குக் காலை அவன் மார்த்தாண்டத்து வீட்டுக்குப் போன் பண்ணினான். அம்மா குளிக்கப் போயிருந்ததால் இவள் எடுத்தாள். "எப்சி, இன்னைக்கு நான் தனியாட்டு பறக்கப் போறேன். மலைப்பக்கம் மேகம் கெடக்கு. சாரு, ஒண்ணும் ஆவாது, போயிட்டு வான்னுட்டாரு. அம்மைட்ட சொல்லாத, கேட்டியா." அவள் சொல்லவில்லை. சாயங்காலம் சொல்லிப் பிரயோசனம் இல்லாமல் போயிற்று. மேகத்துக்குள் நுழைந்த சின்ன விமானம் வலப்பக்கம் சாய்ந்து, சாய்ந்ததே தெரியாமல் சுழன்று இறங்கி மலைச்சரிவில் மோதியது என்றார்கள். விசாரணையில் வரதராஜுலு சொன்னார்: மாணவர் எனது அறிவுரையை மீறி மேகத்துக்குள் சென்றார். அந்த ஒரு வரி. அப்பா செல்லத்துரை அதைக் கேட்டுவிட்டு ஊர் திரும்பி, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து, "சொன்ன பேச்சு கேக்காத பய" என்றார். அதற்குப் பிறகு கிங்ஸ்லி என்ற பெயரை அவர் வாயில் எடுக்கவில்லை. எப்சிபா அந்தப் போன் விஷயத்தைச் சொன்னாள், ஒரு தடவை இல்லை, பல தடவை சொன்னாள். "அவ்வளவு பெரிய சாரு பொய்யா சொல்லுவாரு? நீ சும்மா கெட." கல்லறைக்கு அம்மா மட்டும் போவாள், அப்பா ரப்பர் தோட்டத்துக்குப் போவார். சுவரில் மாட்டிய போட்டோவின் முன்னால் போகும்போது அவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வார், அந்தத் திருப்பலைப் பார்த்துப் பார்த்துத்தான் இவள் வளர்ந்தாள். கடைசிவரைக்கும் திருப்பியபடியே இருந்து, மகன் மேல் உள்ள கோபத்தோடேயே செத்துப் போனார். மலை கொன்றது ஒரு தடவை. இந்த ஆள் சொன்ன வரி அப்பா உயிரோடு இருந்த காலம் முழுக்கத் தினமும் கொன்றது. இப்போது இந்த ஆள் பக்கத்தில் உட்கார்ந்து பஸ் ஸ்டாண்டைப் பற்றிப் பேசுகிறார்.

சேர்ந்து பறந்த முதல் நாள் அவர் கேட்டார், "எந்த ஊரும்மா?" "மார்த்தாண்டம் சார்." "ஓ, ரப்பர் ஊரு." அவ்வளவுதான். எப்சிபா செல்லத்துரை என்று சட்டையில் பெயர் குத்தியிருக்கிறது, அதைப் படித்துவிட்டு ரப்பர் என்கிறார். மறந்துவிட்டார் என்பது அவளுக்கு அடித்ததைவிட வலித்தது. தன் வீட்டில் ஒரு பெயரைச் சொல்ல முடியாமல் ஆக்கியவருக்கு அந்தப் பெயரே ஞாபகம் இல்லை. அன்றிலிருந்து அவரைக் கணக்கெடுக்க ஆரம்பித்தாள். மேகத்துக்குள் போனால் அவர் தலை கொஞ்சம் இடப்பக்கம் சாய்கிறது. படிக்கிற கண்ணாடியை எடுத்து எடுத்து மாட்டுகிறார். திருப்பம் முடிந்து நிமிர்ந்த பிறகு ஒரு மூச்சு இழுத்து விடுகிறார், கிறுகிறுப்பு வந்தவர் விடுகிற மூச்சு. காது பழுதாகிக்கொண்டிருக்கிறது கிழவனுக்கு. காதுக்குள்ளே வளைவளையாக மூன்று குழாய், அதற்குள் திரவம், திரவத்தில் நுனி ஆடுகிற மெல்லிய மயிர்கள். மனிதன் எந்தப் பக்கம் திரும்புகிறான் என்று அதுதான் மூளைக்குச் சொல்கிறது. ஆனால் ஒரே பக்கமாகத் திரும்பிக்கொண்டே இருந்தால் திரவமும் கூடவே சுற்ற ஆரம்பித்துவிடும், மயிர் ஆடாமல் நின்றுவிடும், நேராகப் போகிறாய் என்று சொல்லிவிடும். நிஜமாகவே நேரானதும், இப்போது எதிர்ப்பக்கம் திரும்புகிறாய் என்று கூசாமல் பொய் சொல்லும். பயிற்சியில் இவளைக் கண்ணைக் கட்டிச் சுழல் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். எந்தப் பக்கம் சுற்றுகிறாயோ அந்தப் பக்கம் கட்டைவிரலைக் காட்டு என்றார்கள். அவள் இடப்பக்கம் காட்டினாள், திடமாகக் காட்டினாள், எல்லோரும் சிரித்தார்கள். கட்டை அவிழ்த்துப் பார்த்தால் நாற்காலி எப்போதோ நின்றுவிட்டிருந்தது. மற்றவர்களும் உட்கார்ந்து தப்புத்தப்பாகக் காட்டிச் சிரித்தார்கள். அவள் வெளியே போய்க் குழாயடியில் வாந்தி எடுத்தாள். நாற்காலி சுற்றியதால் இல்லை. அவ்வளவு திடமாகக் காட்டினேனே, கிங்ஸ்லியும் அப்படித்தானே காட்டியிருப்பான், காட்டுவதற்கு எதிரே யாருமில்லாத இடத்தில். அவளுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. இவரைப் பற்றியும் அப்படி ஒரு வரி. கேப்டன் வரதராஜுலு நிதானம் இழந்தார் என்று யாராவது எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும், இவருடைய பிள்ளைகள் அதைக் கேட்க வேண்டும், கேட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். போயிட்டு வான்னு சொன்னீங்களா சார்? இந்தக் கேள்வியைக் குளிக்கும்போது கேட்டுப் பார்த்திருக்கிறாள், ஓட்டல் அறைக் கண்ணாடி முன்னால் கேட்டுப் பார்த்திருக்கிறாள், பணிவாக, கத்தி, அழுது. அவர் எதிரே மட்டும் கேட்டதில்லை.

காற்று விமானத்தைத் தூக்கி ஒரு குத்து குத்தியது. ஆட்டோபைலட் தானாக விலகிக்கொண்டது, மணி அடித்தது. "நான் பார்த்துக்கறேன்," என்று வரதராஜுலு கட்டுப்பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டார், நிதானமாகத்தான் எடுத்துக்கொண்டார், வலப்பக்கத் திருப்பத்தின் நடுவில் இருந்தார்கள். அடுத்த குத்தில் அவருடைய கண்ணாடி மூக்கிலிருந்து நழுவி இருக்கைக்கும் சுவருக்கும் நடுவே விழுந்தது. விட்டுவிடுங்கள் சார் என்று அவள் சொல்லியிருக்கலாம். என் பக்கம் கொடுங்கள், நான் ஓட்டுகிறேன், நீங்கள் எடுங்கள் என்றும் சொல்லியிருக்கலாம். அவர் இடப்பக்கம் குனிந்து, துழாவி, எடுத்துக்கொண்டு வெடுக்கென்று நிமிர்ந்தார். திருப்பத்தில் இருக்கும்போது தலையை அப்படிக் குனிந்து நிமிர்த்தக் கூடாது என்று அவரே பாடம் நடத்தியவர். அவர் முகம் வெளுத்ததை அவள் பார்த்தாள். திருப்பம் முடிந்தது, இறக்கைகளைச் சமமாக்கினார், மூச்சை இழுத்து விட்டார். பிறகு அவர் கை மெதுவாக, வெகு மெதுவாக, யாரோ தூங்குகிறவர்மேல் போர்வை இழுத்துவிடுகிற மாதிரி, மறுபடி வலப்பக்கம் சாய்க்க ஆரம்பித்தது. எதிரே கருவித் திரையில் மேலே நீலம் வானம், கீழே பழுப்பு தரை, இரண்டுக்கும் நடுவே கோடு. கோடு சாய்ந்துகொண்டிருந்தது. அவருக்கு இடப்பக்கம் விழுவது போல இருக்கிறது, அதைச் சரிசெய்கிறார், சரிசெய்வதாக நினைத்துக்கொண்டு வலப்பக்கம் கவிழ்க்கிறார். அவளுக்கு எல்லாம் தெரிந்தது. ஓட்டாமல் உட்கார்ந்திருக்கிற விமானியின் வேலையே இதுதான், சாய்வு மீறினால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், விமானிகள் சாய்வுக்குச் சொல்கிற 'பேங்க்' என்ற ஒரே ஒரு சொல், பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். அவள் வாய் திறக்கவில்லை. கிங்ஸ்லிக்கு யார் சொன்னார்கள்? அவனுக்குப் பக்கத்து இருக்கை காலியாகக் கிடந்தது. இந்தா, உங்களுக்கும் காலிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் மார்த்தாண்டத்தில் இருக்கிறேன், நான் ரப்பர் ஊரில் இருக்கிறேன், உங்களுக்குத்தான் என்னைத் தெரியாதே. கோடு இன்னும் சாய்ந்தது, மூக்கு இறங்க ஆரம்பித்தது, எஞ்சின் சத்தத்தில் ஒரு தடிப்பு ஏறியது, அவருடைய குரல்வளை ஏறி இறங்கியது, அவர் திரையைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார், பார்த்தும் நம்பவில்லை, எவ்வளவு அழகாக நம்பாமல் இருக்கிறார் என்று அவள் நினைத்தாள். சென்னையில் ஒருவர் மூக்கில் குழாய் செருகிய தன் அப்பாவைக் கைகளில் ஏந்திக்கொண்டு படியேறி வந்தாரே. மூன்றாவது வரிசை. ஏறியதும் அப்பாவின் வேட்டியை ஒழுங்குபடுத்திவிட்டு பெல்ட்டை மாட்டிவிட்டார். அவர் முகம் ஏன் இப்போது வருகிறது, போ, இப்போது வராதே. இன்னும் கொஞ்சம். இவருக்கு உறைக்கிற அளவு. இவர் பயப்படுவதை நான் பார்க்க வேண்டும், ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும், அப்புறம் சொல்லிவிடுகிறேன்.

விமானம் தானே பேசியது. எச்சரிக்கைக் கருவியின் உயிரில்லாத ஆண்குரல், பேங்க் ஆங்கிள், பேங்க் ஆங்கிள் என்றது. அவள் சொல்ல வேண்டிய சொல். அவள் சொல்லியிருப்பாளா, இன்னொரு நொடியில் சொல்லியிருப்பாளா என்பது அவளுக்கே இனி தெரியப்போவதில்லை. "சார், கொடுங்க," என்றாள், அது தன் குரல் மாதிரியே இல்லை, "ஐ ஹேவ் கண்ட்ரோல்." அவர் உடனே கையை விட்டார். "எடுத்துக்கோ. எனக்கு எல்லாம் சுத்துது. நான் என்ன சொன்னாலும் கேக்காத." அவள் முதலில் சாய்வை நிமிர்த்தி, பிறகு மூக்கை மெல்லத் தூக்கினாள். கோடு படுத்தது. நீலம் மேலே, பழுப்பு கீழே. படுத்த அந்தக் கணத்திலேயே அவளுடைய உடம்பு முழுக்க ஒரே கூக்குரல், இடப்பக்கம் விழுகிறாய், விழுந்துகொண்டே இருக்கிறாய், வலப்பக்கம் திருப்பு, திருப்பு. தோள் தானாக வலப்பக்கம் ஒடுங்கியது. ஜன்னலில் வெள்ளை, வெள்ளையில் மேலும் இல்லை கீழும் இல்லை. திரை சமம் என்கிறது, உடம்பு கவிழ்ந்தாய் என்கிறது, உடம்புதானே நான், இந்தக் கண்ணாடித் திரை யார் எனக்கு? கை ஒரு நூல் அளவு வலப்பக்கம் போய்விட்டது, அவள் இழுத்துப் பிடித்தாள். அப்போதுதான் அவளுக்கு விளங்கிற்று. கிங்ஸ்லி பயந்திருக்க மாட்டான். இத்தனை வருஷமாக அவன் அலறுவதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள், தூக்கத்தில், பிரார்த்தனையில், கறி நறுக்கும்போது. அவன் அலறவில்லை. நேராகப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தான். உயரம் குறைகிறதே என்று பார்த்திருப்பான், நல்ல பையனாக மூக்கைத் தூக்கியிருப்பான், தூக்கத் தூக்கச் சுழல் இறுகியிருக்கும், எல்லாம் சரியாகத்தானே செய்கிறேன் என்று நினைத்திருப்பான். ஐயோ, எல்லாம் சரியாகச் செய்ததாக நினைத்துக்கொண்டே போயிருக்கிறான். அவளுக்கு அழுகை முட்டியது, கூடவே கோபமும், இரண்டில் எதையும் இப்போது தொடக் கூடாது, கோட்டைப் பார், கோட்டை மட்டும் பார். பக்கத்தில் வரதராஜுலு கண்ணை மூடித் திறந்து மூடித் திறந்து, திரையில் இருக்கிற எண்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார். உயரம், வேகம், திசை. மறுபடி உயரம், வேகம், திசை. பாராயணம் மாதிரி விடாமல் படித்தார். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் அவள் விமானத்தை நேராக வைத்திருந்தாள், அது அவளுக்கு அருவருப்பாக இருந்தது, ஆனாலும் பிடித்துக்கொண்டாள்.

மழை விலகியது, இறங்கச் சொன்னார்கள். மேகத்தின் அடியிலிருந்து வெளியே வந்தபோது கடலும் தென்னந்தோப்பும் அதனதன் இடத்தில் இருந்தன, உடம்பு அந்த நிமிஷமே பொய்யை நிறுத்திக்கொண்டது, எதுவுமே நடக்காத மாதிரி. சக்கரம் தரையைத் தொட்டது. நிறுத்தத்தில் எஞ்சினை அணைத்ததும் பின்னால் ஜனங்கள் பெட்டியை இழுக்கிற சத்தம், போனில் வந்து சேர்ந்துவிட்டோம் என்று சொல்கிற சத்தம். எழுந்து அந்தப் பெரியவர் இறங்கிவிட்டாரா என்று பார்க்க வேண்டும் போலிருந்தது, கை மட்டும் பழக்கத்தில் சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்தது. மழை மறுபடி பிடித்துக்கொண்டு கண்ணாடியில் வழிந்தது. வரதராஜுலு பெல்ட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார்.

"நீ பார்த்துட்டேதான் இருந்தே," என்றார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை.

"ஆமா சார்."

"மெஷின் சொல்லலேன்னா நீ சொல்லியிருப்பியா?"

"தெரியல சார்."

அவர் தலையாட்டினார். "செல்லத்துரைங்கற பேரை முதல் நாளே பார்த்தேன். கிங்ஸ்லிக்கும் இதே மூக்கு."

மறக்கவில்லை. இத்தனை நாளும் மறக்காமல்தான் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்திருக்கிறார். மறந்துவிட்டார் என்றுதானே அவ்வளவு வெறுத்தாள். இப்போது அந்த வெறுப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது? "அப்ப ரப்பர் ஊருன்னீங்களே."

"வேற என்னம்மா சொல்றது?"

குளிக்கும்போது கேட்ட கேள்வி, கண்ணாடி முன்னால் கேட்ட கேள்வி, இப்போது வெறும் சொற்களாக வந்தது. "போயிட்டு வான்னு சொன்னீங்களா சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்தார். "சொல்லியிருக்கலாம். மேகம் வந்தா திரும்பிடுன்னும் சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியலம்மா. நிஜமா தெரியல. விசாரணைல கேட்டப்பவும் தெரியாது. ஆனா தெரியாதுன்னு சொல்ல வாய் வரல. மீறிப் போனான்னு சொல்லிட்டேன். சொன்ன அப்புறம் அதுதான் நடந்ததுன்னு எனக்கே ஆயிடுச்சு."

"எங்கப்பா அதை நம்பிக்கிட்டேதான் செத்தார்."

பொய் சொன்னேன் என்று அவர் ஒப்புக்கொள்ளும் நாளைத்தான் அவள் கனவு கண்டிருந்தாள், காலில் விழுவார், அவள் காலை இழுத்துக்கொள்வாள். தெரியாது என்ற இந்தச் சொல்லுக்கு அவள் தயாராகவே இல்லை. தெரியாது. அந்தச் சொல்லை அன்றைக்கே சொல்லியிருந்தால் போட்டோவின் முன்னால் ஒரு மனிதன் முகத்தைத் திருப்பாமல் இருந்திருப்பான். "இன்னைக்கு நடந்ததை நான் மேல சொல்லப்போறேன்," என்றாள். "நீங்க கவிழ்த்ததையும் சொல்வேன். நான் தெரிஞ்சே வாயைத் திறக்காம இருந்ததையும் சொல்வேன்."

"உன் வேலை போயிடும்."

"போகட்டும் சார்." போகும் என்று அவளுக்குத் தெரியும். அந்த மூன்றாவது வரிசைக்கு அதைவிடக் குறைத்து எதுவும் கொடுக்க முடியாது என்றும் தெரியும். ஆனால் அது பிறகு. போனை எடுத்து வீட்டு எண்ணை அழுத்தினாள், ஒலிபெருக்கியில் போட்டாள். மழைச் சத்தத்தினூடே அம்மா, "மக்ளே, எறங்கிட்டியா?" என்றாள்.

"எறங்கிட்டேன் அம்மா. ஒருத்தர் உங்கிட்ட பேசணும். கிங்ஸ்லியண்ணனுக்க சாரு." எப்சிபா போனை அவர் பக்கம் நீட்டினாள். "மன்னிப்பெல்லாம் கேக்க வேண்டாம் சார். எங்கிட்ட சொன்னதை மட்டும் சொல்லுங்க."

அவர் போனை வாங்கிக்கொண்டார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், அதைப் பார்க்க அவளுக்கு நன்றாக இருந்தது, நன்றாக இருந்ததற்கு வெட்கப்படவும் இல்லை. "அம்மா, நான் வரதராஜுலு."

"சொல்லுங்க சாரே."

"உங்க பையன் நான் சொன்னதை மீறிப் போனான்னு அன்னைக்குச் சொன்னேன். அது எனக்குத் தெரிஞ்சு சொன்னது இல்லைம்மா. அவன் மீறினானான்னு எனக்குத் தெரியாது."

அந்தப் பக்கம் எங்கோ கோழி கத்தியது. "அப்போ எம் மோன் சொன்ன பேச்சு கேட்டவனா சாரே?"

வரதராஜுலு எப்சிபாவைத் திரும்பிப் பார்த்தார். கேட்டவன் என்றால் என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. சொன்ன பேச்சு இவருடையது, போயிட்டு வா என்ற பேச்சு. அவள் உதவிக்குப் போகவில்லை. கண்ணாடியில் வழியும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், எவ்வளவு நேரம் ஆனாலும் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"சாரே?"

"கேக்கற பையன்தாம்மா," என்றார் அவர். "எப்பவும் கேப்பான்."

"சரி," என்றாள் அம்மா. குரலில் அழுகை இல்லை, ஏதோ வேலை ஞாபகம் வந்தவள் போன்ற அவசரம் இருந்தது. "நான் போனை வச்சிருகேன். மழை விடட்டும்னு காத்திருக்கல்ல, இப்பமே கல்லறைக்குப் போயி அவனுக்க அப்பாட்ட சொல்லிட்டு வந்திருகேன்."

தொடர்பு அறுந்தது. வரதராஜுலு அதற்குப் பிறகும் போனைக் கீழே வைக்கவில்லை.